யாரோ ஒருவர் என்பதற்கான சான்றிதழ்

ரப்பர்காரர் சங்கிலி ஆபீஸுக்குப் போனது ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு வரத்தான். மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஐம்பத்து நான்கு வயது ஆள், ஆபீஸ் வாசல்களைப் பார்க்காதவர் அல்ல. அப்படியிருந்தும் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம் என்று நம்பினார் என்றால், அந்த விஷயம் அவர் மனத்தில் அத்தனை எளிதாக இருந்தது என்றுதான் அர்த்தம்.

விஷயம் இதுதான். ஊன்றுகோலின் அடியில் ஒரு கறுப்பு ரப்பர் மாட்டியிருக்குமே, அதைச் செய்வது அவர் தொழில். ஒரு தகரக் கொட்டகை, ரப்பர் கலக்கும் உருளை மெஷின் ஒன்று, அச்சில் வைத்து அழுத்தும் பிரஸ் இரண்டு, கூடமாட ஒத்தாசைக்கு மனைவியின் தம்பி. போன மாதம் அங்கிருந்து கிளம்பிய நாலாயிரத்து எண்ணூறு ரப்பர்கள் கெட்டவை. தரையைப் பிடிப்பதற்காகச் செய்த பொருள் தரையில் வழுக்குகிறது. ஊன்றுகோல் பிடித்து நடப்பவர்கள் யார், வழுக்கினால் என்ன ஆகும் என்பதையெல்லாம் ரப்பர்காரர் யோசித்துப் பார்த்துவிட்டார். நான்கு நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வாங்கியவர்களிடம் சொல்லித் திரும்ப எடுத்துக்கொண்டால் தீர்ந்தது. ஆனால் வாங்கியவர்கள் யார் என்று அவருக்குத் தெரியாது. தான் செய்த பொருள் யாரிடம் போகிறது என்றுகூடத் தெரியாத ஆளா என்று அவரைத் திட்ட வேண்டாம். தெரியக் கூடாது என்பதுதான் சட்டம்.

ஒன்றரை வருடத்துக்கு முன்பு 'வெளிப்படைத்தன்மை மற்றும் மறைப்பு ஆணையம்' என்று ஒன்று பிறந்தது. அவ்வளவு நீளமான பெயரை யாரும் சொல்வதில்லை, சங்கிலி ஆபீஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆணையம் எல்லாப் பட்டறைக்காரர்களையும் கூட்டி உட்காரவைத்து, பிளாக்செயின் என்று ஒன்று, எழுதியதை யாரும் அழிக்க முடியாத கணக்குச் சங்கிலி, வந்திருக்கிறது என்றது. இனிமேல் எந்தச் சரக்கு எப்போது கைமாறினாலும் உலகமே பார்க்கலாம், ஆனால் யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது என்பது ஈ காக்கைக்குத் தெரியாது என்றது. பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, அப்படியானால் உலகம் எதைத்தான் பார்க்கும் என்று கேட்டார். தேநீர் தயார் என்று அறிவித்தார்கள்.

அதற்குப் பிறகு ரப்பர்காரருக்குப் பெயர் கிடையாது. அறுபத்து நான்கு எழுத்தும் இலக்கமும் கலந்த ஓர் எண் வந்தது. எந்தக் கடைக்கு எத்தனை பெட்டி என்று பதினெட்டு வருடமாக எழுதிவந்த நோட்டுகளை ஆணையத்தின் வண்டி வந்து வாங்கிக்கொண்டு போய், கண்முன்னாலேயே மெஷினில் விட்டு நார்நாராகக் கிழித்தது. சரக்கை இனி நேராகக் கடைக்கு அனுப்பக் கூடாது. 'மறைவுக் கூடம்' என்ற கிடங்கில் ஒரு பக்கம் இறக்கிவிட்டு வர வேண்டும். உள்ளே ஆட்கள் பெட்டியின் மேலிருக்கும் தாளை உரித்துவிடுவார்கள். வாங்குபவர் மறுபக்கம் வந்து எடுத்துக்கொண்டு போவார். பழைய கடைக்காரர்கள்தான் எடுக்கிறார்களா, வேறு யாராவதா என்று கேட்கவும் கூடாது. போட்டியாளர்களிடமிருந்து உங்கள் ரகசியங்களைக் காப்பாற்றுகிறோம் என்றார்கள். தன்னிடம் ரகசியம் என்று ஒன்று இருந்ததே அப்போதுதான் ரப்பர்காரருக்குத் தெரிந்தது.

கெட்டுப்போனதும் இதனால்தான். உருளை மெஷினுக்கு மேலே ஒரு சிலேட்டுப் பலகை தொங்கும். கந்தகம் போட்டவர் ஒரு கோடு, எண்ணெய் ஊற்றியவர் ஒரு கோடு என்று கிழித்துவிட்டுப் போவார். மாமாவும் மச்சினனும் மாறி மாறி நிற்கும் இடம், பேசிக்கொள்ளக்கூட நேரமிருக்காது, அந்தப் பலகைதான் பேச்சு. சோதனைக்கு வந்த ஆணையத்து ஆள் அதைப் பார்த்ததும் பதறிப்போனார்.

"என்ன சார் இது, உங்க தயாரிப்பு ரகசியத்தைச் சுவத்துல மாட்டி வச்சிருக்கீங்க?"

"யார் சார் பாக்கப் போறா? நானும் என் மச்சினனும்தான்."

"அதான் பிரச்சினையே. அவர் என்ன பண்ணாருன்னு உங்களுக்குத் தெரியுது, நீங்க என்ன பண்ணீங்கன்னு அவருக்குத் தெரியுது. இதுக்குப் பேரு கசிவு."

பலகையைக் கழற்றிக்கொண்டு போனார். அதன் பிறகு இருவரும் செய்வதைத் தத்தம் போனில் பதிவு செய்தார்கள். ஒருவர் பதிவு மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. ஒரு மதியம் மச்சினன் எண்ணெய் ஊற்றிவிட்டுச் சாப்பிடப் போனான். மாமா வந்து எண்ணெய் ஊற்றினார். இரண்டு பதிவுகளும் சரிபார்க்கப்பட்டு, பச்சை டிக் விழுந்து, யாராலும் அழிக்க முடியாதபடி சங்கிலியில் ஏறின.

எண்ணெய் அதிகம் குடித்த ரப்பர் உடனே காட்டிக்கொடுக்காது. இரண்டு மூன்று வாரம் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டுப் பிறகு மெல்லக் கக்க ஆரம்பிக்கும். மாதிரிக்கென்று எடுத்து வைத்திருந்த ஒன்று, கீழே கிடந்த காகிதத்தில் வட்டமாக எண்ணெய்க் கறை போட்டிருப்பதை ரப்பர்காரர் பார்த்தார். அதை விளக்குமாற்றுக் கழியில் மாட்டி, கழுவும் தொட்டிப் பக்கத்து வழவழப்பான தரையில் ஊன்றிச் சாய்ந்தார். கழி ஒரு பக்கம் போனது, அவர் ஒரு பக்கம் போனார். மச்சினன் முதலில் சிரித்தான்.

"நீ எண்ணெய் ஊத்துனியா மாப்ள?" என்று தரையில் கிடந்தபடியே கேட்டார்.

"ஊத்துனேன் மாமா."

"நானும் ஊத்துனேன்டா."

மச்சினன் சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

ஆக, ரப்பர்காரர் சங்கிலி ஆபீஸ் வாசலில் நிற்கிறார். ஏழு மாடிக் கட்டடம். வெளிப்படைத்தன்மையைக் காட்டுவதற்காகச் சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்திருந்தார்கள். மறைப்பைக் காட்டுவதற்காகக் கண்ணாடி முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். உள்ளே பட்டப்பகலில் விளக்கு எரிந்தது.

வரவேற்பு மேஜையில் இருந்த அம்மாள் அவர் வாயைத் திறக்கும்போதே கையை நீட்டித் தடுத்தார். "பேரைச் சொல்லிடாதீங்க சார். போன வாரம்கூட ஒருத்தர் சொல்லிட்டாரு. அவர் நம்பரையே ரத்து பண்ண வேண்டியதாப் போச்சு."

"பேர் சொன்னதுக்கா?"

அம்மாள் தலைக்கு மேலே இருந்த பலகையைக் காட்டினார். 'தன்னைத்தானே வெளிப்படுத்திக்கொள்ளும் எண், எண்ணாக நீடிக்கும் தகுதியை இழக்கும்' என்று இருந்தது. எண் இல்லாவிட்டால் மறைவுக் கூடத்தில் சரக்கு இறக்க முடியாது. சரக்கு இறக்க முடியாவிட்டால் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான். ரப்பர்காரர் வாயை இறுக மூடிக்கொண்டு, பிறகு பெயரை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சொன்னார்.

"இவ்வளவுதானே, எல்லாமே பகிரங்கமா இருக்கே!" என்று அம்மாள் சந்தோஷமாகச் சொல்லி, அவரைப் பக்கத்துக் கூடத்துக்கு அனுப்பினார்.

அந்தக் கூடத்தில் ஒரு சுவர் அளவுக்குத் திரை. அதில் எண்கள் கீழிருந்து மேலே ஓடிக்கொண்டே இருந்தன. முன்னால் முப்பது நாற்காலிகள், அவற்றில் ஏழெட்டுப் பேர் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தார்கள். ரப்பர்காரர் தன் சரக்கின் எண்ணைத் தட்டினார். உடனே வந்துவிட்டது. நாலாயிரத்து எண்ணூறு என்று இருந்தது, சரி. பன்னிரண்டாம் தேதி கைமாறியது என்று இருந்தது, அதுவும் சரி. ஆறு பங்காகப் பிரிந்து ஆறு எண்களுக்குப் போயிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பங்கிலிருந்து நாற்பது எங்கோ கைமாறிப் பச்சை டிக் விழுந்தது. நாற்பது பேர் என்று ரப்பர்காரர் நினைத்தார். எழுந்து திரையருகே போய் அந்த எண்ணைக் கையால் தொட்டுப் பார்த்தார். காவலாளி வந்து, திரையைத் தொடக் கூடாது, உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், தொடத்தான் கூடாது என்றார்.

மூன்றாவது மாடியில் இருந்தார் மறைப்பு அதிகாரி. நல்ல மனிதர், குரலை உயர்த்தத் தெரியாதவர். மேஜையில் ஒரு காகிதம்கூட இல்லை.

"அந்த ஆறு நம்பர் யார் யாருன்னு சொல்லுங்க சார், நானே போய்ப் பாத்துக்கறேன்" என்றார் ரப்பர்காரர்.

"எனக்குத் தெரியாதே."

"இந்த ஆபீஸ்ல யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. அதுக்குத்தான் இந்த ஆபீஸ்." அதிகாரி இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னார். "ஆனா நீங்க ஒரு திரும்பப்பெறுதல் அறிவிப்பு போடலாம். சங்கிலி பூரா போகும். அதுக்கு முன்னாடி அந்தச் சரக்கு உங்களுதுன்னு நீங்க நிரூபிக்கணும்."

ரப்பர்காரர் சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுக்கப் போனார். அதிகாரி இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

"உள்ள வைங்க, உள்ள வைங்க! நீங்க யாருன்னு எனக்குத் தெரியவே கூடாது. யாருன்னு சொல்லாம, நீங்கதான்னு நிரூபிக்கணும்."

அதற்கென்றே ஓர் அறை இருந்தது. எதிர்ச்சுவரில் இடது பக்கம் ஒரு கதவு, வலது பக்கம் ஒரு கதவு. எதில் நுழைந்தாலும் உள்ளே ஒரே நடைபாதை, வளைந்து போய் மறு கதவில் முடியும். நடைபாதையின் நட்டநடுவில் ஒரு பூட்டிய கதவு. சரக்குக்கு உண்மையில் சொந்தக்காரர் எவரோ அவருடைய ரகசிய எண்ணை அழுத்தினால்தான் அது திறக்கும். ரப்பர்காரர் உள்ளே போகும்போது அதிகாரி முதுகைக் காட்டி நிற்பார், எந்தக் கதவு என்று பார்க்க மாட்டார். பிறகு திரும்பி, "இடது" என்றோ "வலது" என்றோ கூப்பிடுவார். கூப்பிட்ட கதவு வழியாக ரப்பர்காரர் வெளியே வர வேண்டும். ஒரு தடவை சரியாக வந்தால் குருட்டு அதிர்ஷ்டமாக இருக்கலாம். நாற்பது தடவை சரியாக வந்தால் நடுக்கதவைத் திறக்கத் தெரிந்தவர் என்று ஆணையம் ஒப்புக்கொள்ளும்.

"நாற்பது தடவையா?" என்றார் ரப்பர்காரர். "அந்த நம்பரை உங்க முன்னாடியே ஒரு தடவ அழுத்திக் காட்டிடறேனே."

"அப்ப உங்க ரகசியம் எனக்குத் தெரிஞ்சு போயிடும்."

"தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுது சார்."

"எனக்கு அந்த ஆசையெல்லாம் இல்ல. இந்த ஒன்றரை வருஷ சர்வீஸ்ல இதுவரைக்கும் ஒரு விஷயம்கூடத் தெரிஞ்சுக்காம இருந்திருக்கேன். என் மேல ஒரு புகார் கிடையாது."

ரப்பர்காரர் உள்ளே போனார், வெளியே வந்தார். போனார், வந்தார். பன்னிரண்டாவது தடவையில் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியது. இருபதாவது தடவையில் முழங்கால் பேச ஆரம்பித்தது. முப்பத்தொன்றாவது தடவை உள்ளே போனவர், நடுக்கதவின் பக்கத்தில் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்தக் கட்டடத்தில் யாரும் எதுவும் கேட்காத இடம் அது ஒன்றுதான். வெளியே அதிகாரி "வலது" என்று கூப்பிட்டார், கொஞ்ச நேரம் கழித்து "வலது சார்" என்றார், பிறகு கவலையோடு "சார், இருக்கீங்களா? யாராவது இருக்கீங்களா?" என்றார். உள்ளே வந்து பார்க்க அவருக்கு விதியில் இடமில்லை. ரப்பர்காரர் எழுந்து வலது கதவு வழியாகத்தான் வந்தார். ஆனால் அதற்குள் நேரம் தவறிவிட்டதால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று ஆனது. மறுநாள் வரச் சொன்னார்கள்.

மறுநாள் நாற்பதும் முடிந்தது. அதிகாரி கைகுலுக்கினார். ஒரு சான்றிதழ் கொடுத்தார், தங்க நிற ஓரம் போட்டது. 'இதனால் சான்றளிக்கப்படுவது யாதெனில், இதை வைத்திருப்பவர் யாரோ ஒருவர் ஆவார். அந்த யாரோ ஒருவர் வேறு யாரும் அல்லர்.' கீழே கையெழுத்து இருக்க வேண்டிய இடம் மறைப்பின் பொருட்டுக் காலியாக இருந்தது. மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கா ரெண்டு நாளு நடந்தீங்க?" என்றாள். பிறகு முழங்காலுக்குத் தைலம் எடுத்து வந்தாள்.

அடுத்து அறிவிப்பு எழுத வேண்டும். ஐந்தாவது மாடியில் அதற்கு ஓர் எழுத்தர் இருந்தாள், முப்பது வயதிருக்கும், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ரப்பர்காரர் வீட்டிலேயே எழுதிக்கொண்டு போயிருந்தார். 'ஊன்றுகோலின் அடி ரப்பரில் எண்ணெய் அதிகமாகிவிட்டதால் வழுக்குகிறது. வைத்திருப்பவர்கள் உடனே கழற்றிவிடவும். விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும்.'

எழுத்தர் சிவப்புப் பேனாவை எடுத்தாள். "ஊன்றுகோல்னு சொன்னா நீங்க என்ன தொழில்னு தெரிஞ்சிடும் சார். 'ஒரு பொருள்'னு வச்சுக்கலாம்." அடித்தாள். "எண்ணெய்னா தயாரிப்பு முறை வெளிய வந்துடும். 'ஒரு தன்மை.'" அதையும் அடித்தாள். "இடுப்பு எலும்புங்கறது மருத்துவத் தகவல், அது வேற ஆணையம். 'ஒரு விளைவு.'"

முடிவில் இப்படி நின்றது: 'ஒரு பொருளில் ஒரு தன்மை உள்ளது. அதனால் ஒரு விளைவு ஏற்படலாம். உரியவர்கள் உரியதைச் செய்யவும்.'

ரப்பர்காரர் அதை மூன்று தடவை படித்தார். "இதைப் படிச்சா யாருக்கும்மா என்ன புரியும்?"

"புரியாது சார்" என்றாள் எழுத்தர். பிறகு மூலையில் இருந்த கேமராவை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு, உதடு அசையாமல் சொன்னாள். "எங்கப்பா ஊன்றுகோல்தான் வச்சிருக்காரு. போன வாரம்தான் அடி ரப்பர் புதுசு மாத்துனோம்."

"எந்தக் கடையில?"

"அது சொல்லக் கூடாது."

"சரிம்மா, சொல்ல வேணாம். வீட்டுக்குப் போனதும் அடியில கட்டை விரல வச்சு அழுத்தித் தேச்சுப் பாருங்க. எண்ணெய் மாதிரி ஒட்டுனா அப்பவே கழட்டிடுங்க."

"இதை நான் கேக்கல" என்றாள் எழுத்தர். கேட்காததை உள்ளங்கையில் சிவப்புப் பேனாவால் குறித்துக்கொண்டாள்.

அறிவிப்பு சங்கிலியில் ஏற இருபத்தொரு உறுதிப்பாட்டாளர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதிவிடக் கூடாது என்பதற்காக அப்படி ஒரு ஏற்பாடு. ஆனால் அறிவிப்பில் என்ன இருக்கிறது என்று உறுதிப்பாட்டாளர்களுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக அதை உறையில் போட்டு ஒட்டி, உறையைத்தான் அவர்கள் முன் வைப்பார்கள். இருபத்தொரு பேரும் உறையைக் கையில் வாங்கி எடை பார்த்தார்கள். ஒருவர் விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, கண்டிக்கப்பட்டார். இன்னொருவர் உறை ரொம்ப மெல்லிசாக இருக்கிறது, முக்கியமான விஷயமாகத் தெரியவில்லை என்று ஆட்சேபம் சொன்னார். உறைக்குள் இரண்டு வெள்ளைத் தாள் சேர்த்து ஒட்டித் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதற்கு எட்டு நாள் ஆயிற்று. ஏகமனதாக நிறைவேறியது.

இந்த எட்டு நாளும் ரப்பர்காரரும் மச்சினனும் கொட்டகையில் புது ரப்பர் செய்தார்கள். சுவரில் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றையும் விளக்குமாற்றுக் கழியில் மாட்டிச் சோதித்துப் பெட்டியில் போட்டார்கள். திரும்ப வருவதற்கெல்லாம் பதிலுக்குப் புதியது கொடுக்க வேண்டும் அல்லவா? ரப்பர்காரர் வேலைக்கு நடுவே போனை எடுத்து அந்த ஆறு எண்களைப் பார்ப்பார். அறுபது போயிருக்கும். நூற்றிருபது போயிருக்கும். எல்லாம் பச்சை.

சங்கிலி வரலாற்றிலேயே முதல் திரும்பப்பெறுதல் என்பதால் அறிவிப்பை வெளியிட விழா வைத்தார்கள். ரப்பர்காரருக்கும் அழைப்பு வந்தது, எண்ணுக்கு. தரைத்தளக் கூடத்தில் இருநூறு எண்கள் உட்கார்ந்திருந்தன. யாரும் யாரோடும் பேசவில்லை, தப்பித் தவறி எதையாவது உளறிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். பக்கத்து நாற்காலிக்காரர் பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினார். ரப்பர்காரர் ஒன்று எடுத்துக்கொண்டார். அவருடைய சரக்கை வாங்கிய ஆறு பேரில் அந்த மனிதர் ஒருவராக இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

இயக்குநர் பேச எழுந்தார்.

"நண்பர்களே, முன்பெல்லாம் ஒரு பொருளில் கோளாறு என்றால் என்ன நடந்தது? செய்தவர் போனை எடுப்பார், விற்றவரைக் கூப்பிடுவார், விற்றவர் வாங்கியவரைக் கூப்பிடுவார். பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் எல்லாமும் தெரிந்துவிடும்! எத்தனை அந்தரங்கங்கள் பறிபோயின, நினைத்துப் பாருங்கள். இன்று? பதினோரு நாள் உழைத்திருக்கிறோம். இந்த அறிவிப்பைப் போட்டவர் யார் என்று எனக்குத் தெரியாது. எதைப் பற்றி என்று தெரியாது. யாருக்கு என்று தெரியாது. இப்படி ஒன்றுமே தெரியாமல் ஒரு காரியத்தைச் செய்து முடிக்க உலகத்தில் வேறு எந்த நிர்வாகத்தால் முடியும்?"

கைதட்டல் அடங்கியதும் ரப்பர்காரர் எழுந்தார். எழுந்த பிறகுதான் எழுந்துவிட்டது அவருக்கே தெரிந்தது.

"சார், ஒரு கேள்வி. இதனால யாராவது விழுந்துட்டா?"

இயக்குநர் கனிவாகச் சிரித்தார். "நல்ல கேள்வி. விழுந்தால் அது பதிவாகும். பதிவானால் யாராலும் அதை மாற்ற முடியாது. முன்பெல்லாம் ஒருவர் விழுந்தார் என்றால் விழவே இல்லை என்று சாதித்துவிடுவார்கள். இனி விழுந்தவர் விழுந்தவர்தான். அதுதான் எங்கள் உத்தரவாதம்."

பொத்தானை அழுத்தினார். கூடத்தில் இருநூறு போன்களும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டன. ரப்பர்காரரின் போனும் போட்டது. 'ஒரு பொருளில் ஒரு தன்மை உள்ளது.' பக்கத்து நாற்காலிக்காரர் படித்துவிட்டு, "பாவம், யாருக்கோ என்னமோ ஆயிருக்கு" என்று உச்சுக் கொட்டிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். திரையில் 'உரியதைச் செய்தாயிற்று' என்ற பதில்கள் வரிசையாக வந்து விழுந்தன. ஐந்தே நிமிடத்தில் நூற்றுக்கு நூறு. வெற்றி என்று அறிவித்து எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார்கள்.

தேநீர்த் தட்டோடு வந்தவர்களில் அந்த எழுத்தரும் இருந்தாள். கோப்பையை நீட்டும்போது குனிந்து, "ஒட்டுச்சு சார்" என்றாள்.

ரப்பர்காரர் கோப்பையை வாங்காமல் நிமிர்ந்து பார்த்தார். "அப்பா?"

"விழல. கழட்டிட்டேன்." அவள் தட்டைச் சரிசெய்வதுபோல் நின்றாள். "பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்ல, சக்கர நாற்காலி விக்கற கடை. நான் ஒண்ணும் சொல்லல." அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ரப்பர்காரர் ஒரு பையில் நல்ல ரப்பர்களைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். மச்சினன் வாசலில் நின்றான்.

"மாமா, நீங்கதான் செஞ்சீங்கன்னு வெளிய தெரிஞ்சா நம்பர் போயிடும். நம்பர் போனா பட்டறைய மூட வேண்டியதுதான்."

"தெரியும்டா."

"யாருன்னு சொல்லாம மாத்திட்டு வந்துடுங்களேன்."

"அவர மொதல்ல போகவிடு" என்றாள் அவன் அக்கா, ரப்பர்காரரின் மனைவி. இன்னும் இரண்டு கை ரப்பரை அள்ளிப் பையில் போட்டாள். "அந்த ஆஸ்பத்திரி எதிர்க் கடை வேலைய முடிச்சுட்டு வாங்க. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."

கடைக்காரர் முதலில் பிடிகொடுக்கவில்லை. சரக்கு எங்கிருந்து வருகிறது என்று தனக்குத் தெரியாது என்றார், யாருக்கு விற்றோம் என்று எழுதி வைத்தால் தன் எண் போய்விடும் என்றார். ரப்பர்காரர் அலமாரியிலிருந்த ஒரு ரப்பரை எடுத்துக் காகிதத்தில் வைத்து அழுத்தினார். கடைக்காரர் கறையைப் பார்த்தார். அலமாரியில் மிச்சமிருந்ததையெல்லாம் பெட்டியோடு தூக்கிக் கொடுத்துவிட்டு, தெருவுக்கு எதிரே மோவாயால் காட்டினார். "வாங்குனவங்க எல்லாரும் அங்கதான் வருவாங்க. எலும்புப் பிரிவு, பின்பக்கக் கட்டடம்."

எலும்புப் பிரிவின் வெளியே நீளமான தாழ்வாரம். தரை பளிங்கு மாதிரி துடைத்து வைத்திருந்தது, பார்த்தபோதே ரப்பர்காரருக்குப் பகீர் என்றது. இரண்டு பக்கமும் பெஞ்சுகளில் ஆட்கள், ஒவ்வொருவர் பக்கத்திலும் ஓர் ஊன்றுகோல். அவர் முகங்களைப் பார்க்காமல் கோல்களின் அடியைப் பார்த்துக்கொண்டே நடந்தார். அவருடைய அச்சில் வரும் ரப்பரைச் சுற்றி ஐந்து வளையம், மூன்றாவது வளையத்தில் ஒரு சின்ன வெட்டு, என்றோ ஒரு நாள் உளி பட்டது. நாற்பதடி தள்ளியிருந்தாலும் அவருக்குத் தெரியும்.

நான்காவது பெஞ்சில் இருந்த ஓர் அம்மாவின் கோலில் அது இருந்தது. அறுபத்தைந்து வயதிருக்கும், மடியில் எக்ஸ்ரே உறை. ரப்பர்காரர் கேட்காமலே தரையில் மண்டியிட்டுக் கோலைக் கையில் எடுத்தார். கட்டை விரலால் தேய்த்தார். ஒட்டியது.

"என்னப்பா பண்ற?" என்றார் அந்த அம்மா.

"இது வழுக்குதாம்மா?"

அந்த அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு வாரமா வழுக்குது. ஆப்பரேஷன் பண்ண கால்தான் பிடி விட்டுப் போச்சுன்னு நெனச்சேன். மகன்கிட்ட சொல்லல. சொன்னா வெளியவே விட மாட்டான். டாக்டர்கிட்ட மட்டும் சொன்னேன், அவரு இன்னொரு தடவ படம் எடுக்கச் சொல்லிட்டாரு. மறுபடியும் ஆப்பரேஷன் பண்ண வேண்டியிருக்கும்கறாரு." அவர் எக்ஸ்ரே உறையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "நீ யாருப்பா, ஆஸ்பத்திரி ஆளா?"

பதினோரு நாளாக அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது எப்படி என்று ரப்பர்காரருக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். சட்டைப் பையில் சான்றிதழ்கூட இருந்தது. அவர் பழைய ரப்பரைக் கழற்றிப் பையில் போட்டார், புதியதை மாட்டினார், உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி இறுக்கினார்.

"இல்லம்மா. இந்த ரப்பரைச் செஞ்சவன் நான்தான். தப்பாச் செஞ்சுட்டேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பக்கத்துப் பெஞ்சுகளில் இருந்தவர்கள் தங்கள் கோலைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அந்த அம்மா கோலை வாங்கித் தரையில் ஊன்றினார். எழுந்து நின்றார். ஓர் அடி வைத்தார், கோல் நகரவில்லை. இன்னோர் அடி வைத்தார். திட்டுவார் என்று ரப்பர்காரர் மண்டியிட்டபடியே காத்திருந்தார். அந்த அம்மா திட்டவில்லை.

"அப்ப என் கால் நல்லாத்தான் இருக்கா?" என்று கேட்டார்.